குடியம் குகை: சிவப்புத் துணி மரத்தில் இடதா, வலதா?

பழைய வண்ணை:
பூண்டிக் காட்டுக்குள் இருக்கும் குடியம் குகையைப் பற்றிப் போன வாரம் எண்ணூர்க்காரன் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது. "குடியம் குகைக்கு வழி தெரியவில்லை என்பவன் சொந்தத் தெருவிலேயே தொலைந்து போவான். ஊர் தாண்டி நேரே நட, சிவப்புத் துணி கட்டிய மரத்தில் இடது பக்கம் திரும்பு, குகை. கண்ணை மூடிக்கொண்டு போகலாம்." ஒரு வார்த்தை மாற்றாமல் போட்டிருக்கிறேன்.

நான் கண்ணைத் திறந்துகொண்டுதான் போனேன். 2016 ஜனவரி, பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. நானும் திருவொற்றியூர் சேக்காளி ஒருவனும் ஒரே வண்டியில், விடியாத பொழுதில் தண்டையார்பேட்டையிலிருந்து கிளம்பினோம். செங்குன்றம் ஏரியை ஒட்டிப் போகும்போது முன்னால் போன லாரியின் பின்விளக்குகூடத் தெரியவில்லை, அப்படிப் பனி. தாமரைப்பாக்கம் கூட்டுரோட்டில் டீ. டிசம்பர் வெள்ளம் முடிந்து ஒரு மாதம்தான், பூண்டி ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. ஊரில் வண்டியை நிறுத்திவிட்டு நடக்க ஆரம்பித்தபோது மணி எட்டரை.

பாதை என்று ஒன்று இருந்தால்தானே! ஆடு போன தடமெல்லாம் பாதை மாதிரியே இருக்கிறது. காலுக்கடியில் உருண்டைக் கூழாங்கல், வைத்த கால் வைத்த இடத்தில் நிற்காது. இரண்டு பக்கமும் ஆள் உயர முள். அப்புறம் அந்த மரம் வந்தது. துணி இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். வெயிலில் வெளுத்துச் செங்கல் தூள் நிறத்துக்கு வந்திருந்தது. முடிச்சுக்குள் காசு வைத்த மாதிரி ஒரு தடிப்பு. அப்போதும் இதே போல ஒரு மேதாவி 'இடது' என்று சொல்லி அனுப்பியிருந்தார், திரும்பினோம். இரண்டரை மணி நேரம் முள்ளுக்குள். கடைசியில் காய்ந்த ஓடை ஒன்றில் முட்டிக்கொண்டு நின்றோம். ஆடு மேய்த்த ஆயா ஒருத்தர்தான் அதே மரத்துக்குத் திருப்பிக் கூட்டி வந்து வலது பக்கம் விட்டார். கொஞ்ச நேரத்தில் குகை. ஆயா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அது வழி காட்ற துணி இல்ல நைனா. கொழந்த வேணும்னு யாரோ சாமிக்குக் கட்னது."

ஆகவே எண்ணூர்க்காரன் தயவுசெய்து 'வலது' என்று திருத்திவிடவும்.

எண்ணூர்க்காரன்:
இடது.

எண்ணூர்க்காரன்:
இன்னும் விளக்கமாக வேண்டுமா? அந்தத் துணியைக் கட்டியதே நாங்கள்தான். 2014 மார்கழி, நாலு பேர் போனோம். என் அத்தை மகனின் பழைய கைலியைக் கிழித்துக் கட்டினோம். அடையாளத்துக்குக் கட்டியவனிடமே வந்து அது அடையாளம் இல்லை என்று பாடம் எடுக்கிறார் வண்ணாரப்பேட்டைக்காரர். காசு வைத்த தடிப்பாம்! அது காசு இல்லை தலைவரே, கூழாங்கல். காற்றில் துணி பறந்து கிளையில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்று உள்ளே வைத்து முடிந்தோம். அந்தக் காட்டில் காசுக்குத்தான் பஞ்சம், கூழாங்கல்லுக்கு இல்லை.

வியாசை_67:
கைலி சிவப்பா அண்ணே? நான் பார்த்த கைலியெல்லாம் கட்டம் போட்டதுதான்.

எண்ணூர்க்காரன்:
சிவப்புக் கட்டம். இடது.

மாதவரம் மைதிலி:
இரண்டு பேருக்கும் ஒரே ஒரு கேள்வி. இடது, வலது என்பது போகும்போதா, திரும்பி வரும்போதா? மரத்துக்கு இடதா, பாதைக்கு இடதா? நீங்கள் இருவரும் ஒரே ஊர்ப் பக்கத்திலிருந்துதான் காட்டுக்குள் நுழைந்தீர்களா? எதிர்ப் பக்கமாக நுழைந்திருந்தால் ஒருவருக்கு இடது, மற்றவருக்கு வலது. இதை முடிவு செய்யாமல் பேசிப் பிரயோசனமில்லை.

பழைய வண்ணை:
மேடம், வலது என்றால் சோறு சாப்பிடும் கைப் பக்கம். இதில் முடிவு செய்ய என்ன இருக்கிறது.

எண்ணூர்க்காரன்:
நான் சாப்பிடும் கையைப் பார்த்து வழி கண்டுபிடிப்பதில்லை. துணியைப் பார்த்துத்தான். இடது.

காசிமேட்டுக் கருவாடு:
எனக்கு ஒரு சின்ன சந்தேகம். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் எங்கள் தெருவில் வேப்ப மரம், பூவரசு, மின்கம்பம் எல்லாம் படுத்துவிட்டது. பூண்டிக் காட்டில் மட்டும் ஒரு மரம் துணியோடு நின்றுகொண்டே இருந்ததா? எண்ணூர் அண்ணன் கடைசியாக எப்போது பார்த்தார்?

எண்ணூர்க்காரன்:
2018-இல். நின்றது, துணியோடு நின்றது. எண்ணூர்க்காரன் கட்டிய முடிச்சு தம்பி, வலை கட்டுகிற கை. வர்தா என்ன, வர்தாவோட அப்பன் வந்தாலும் அவிழாது.

காசிமேட்டுக் கருவாடு:
வலை கட்டுவதைப் பற்றிக் காசிமேட்டுக்காரனிடமே பேசுகிறீர்களா? சரி.

வியாசை_67:
தலைப்பிலேயே தப்பு வருகிறதே. வண்ணை அண்ணன் போன மாதம் வேறு இடத்தில் இந்தக் கதையை "குளிர்கால மலையேற்றம்" என்று எழுதியிருந்தார். சென்னைக்கு ஏது குளிர்காலம்? மின்விசிறியை ஐந்திலிருந்து மூன்றுக்கு வைத்தால் அது குளிர்காலமா? அப்புறம் அது மலையும் இல்லை. மேடு.

மாதவரம் மைதிலி:
இந்திய வானிலை ஆய்வுத் துறைக் கணக்கில் ஜனவரியும் பிப்ரவரியும்தான் குளிர்காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். நம் வழக்கில் மார்கழியும் தையும் முன்பனி. எப்படிப் பார்த்தாலும் அவர் போனது குளிர்காலம்தான்.

வியாசை_67:
எனக்கு வியர்த்தால் அது வெயில்காலம்.

பழைய வண்ணை:
உனக்கு வியர்க்கும் தம்பி, வியாசர்பாடியில் பாலத்துக்கு அடியில் தண்ணீர் தேங்கினால்கூட உனக்கு வியர்க்கும். விஷயத்துக்கு வா. நாங்கள் போன நாள் அமாவாசைக்கு மறுநாள். சாயங்காலம் ஆறு மணிக்குள் சூரியன் இறங்கிவிடும், அதன்பின் காட்டில் கை தெரியாது. அலைபேசியில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு டப்பா எலுமிச்சைச் சோறு, நெத்திலி வறுவல், அவ்வளவுதான் கையில். 'கண்ணை மூடிக்கொண்டு போகலாம்' என்று எழுதுவதை நம்பி நாளைக்குக் கல்லூரிப் பையன் ஒருத்தன் போய் மாட்டிக்கொண்டால் யார் பதில் சொல்வது? அதற்காகத்தான் சொல்கிறேன். வலது.

எண்ணூர்க்காரன்:
ஆளுக்கு ஒரு லிட்டரோடு காட்டுக்குப் போனவர் கல்லூரிப் பையனுக்காக அழுகிறார். நெத்திலி வறுவலைத் தின்றுவிட்டு ஒரு லிட்டர் தண்ணீர் எப்படி ஐயா போதும்? அத்திரம்பாக்கம் அங்கிருந்து கூப்பிடு தூரம். அங்கே 15 லட்சம் வருஷத்துக்கு முன்னாலேயே கல்லைச் செதுக்கிக் கைக்கோடாரி செய்துகொண்டிருந்தான் மனுஷன். அவன் குடியத்துக்குத் துணி கட்டாமலே போய் வந்திருப்பான். நம் அண்ணனுக்குத் துணி கட்டியும் தெரியவில்லை.

கொருக்குப்பேட்டை கேட்:
15 லட்சம் என்று யார் சொன்னது? 3 லட்சத்து 85 ஆயிரம்தான். 2018-இல் செய்தித்தாளில் வந்தது. என்னிடம் வெட்டி வைத்தது இருக்கிறது.

எண்ணூர்க்காரன்:
15 லட்சம். அதுவும் 2011-இல் வந்தது.

மாதவரம் மைதிலி:
இரண்டும் சரிதான். 2011 ஆய்வு பழைய வகைக் கைக்கோடாரிகளின் வயது. 2018 ஆய்வு அதற்குப் பிந்தைய, சின்னச் சின்னச் செதில்களால் ஆன கருவிகளின் வயது. இரண்டும் தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்பு குழுவினர் அதே இடத்தில் செய்தவை. பூண்டி அகழ்வைப்பகத்தில் இரண்டு வகைக் கல்லும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

கொருக்குப்பேட்டை கேட்:
நான் வெட்டி வைத்ததில் 3 லட்சத்து 85 ஆயிரம் என்றுதான் இருக்கிறது.

எண்ணூர்க்காரன்:
சரி கேட்டு, உன் கேட் மூடியே இருக்கட்டும். பல்லாவரத்தில் 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் முதல் கற்காலக் கருவியை எடுத்ததிலிருந்து எல்லாம் எனக்குத் தெரியும். அதையெல்லாம் விட்டுவிடுவோம். பூண்டியில் தண்ணீர் திறந்தால் கொசஸ்தலை ஆறு எங்கே வந்து கடலில் விழுகிறது? எண்ணூர் முகத்துவாரத்தில். அந்த ஆற்றின் வால் எங்கள் வீட்டு வாசலில் கிடக்கிறது. தலைப் பக்கம் எங்களுக்கு வழி தெரியாதா? இடது. முதலில் இடது, கடைசியிலும் இடது.

பழைய வண்ணை:
ஆறு உங்கள் வாசலுக்கு வருவதால் நீங்கள் வழிகாட்டியா? அப்படியானால் கிருஷ்ணா தண்ணீர் எங்கள் வீட்டுக் குழாயில் வருகிறது, நான் மகாராஷ்டிரம் வரைக்கும் வழி சொல்லட்டுமா?

காசிமேட்டுக் கருவாடு:
குழாயில் வருகிறதா? எந்தத் தெரு அண்ணே? எங்களுக்கு லாரிதான்.

மாதவரம் மைதிலி:
ஒரு தகவல். 2024 அக்டோபரில் தமிழக அரசு மலையேற்றத் திட்டம் தொடங்கியபோது அறிவித்த 40 பாதைகளில் குடியமும் ஒன்று. முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போக வேண்டும். காப்புக்காடு அது. துணி, கைலி, முடிச்சு எதுவும் தேவையில்லை.

எண்ணூர்க்காரன்:
காசு கொடுத்துப் போனால் அது மலையேற்றமா, சுற்றுலாவா? நாங்கள் போன காலத்தில் வழிகாட்டி எங்கள் கால்தான். அப்புறம் மைதிலி அக்கா, ரொம்ப நாளாகச் சொல்ல வேண்டும் என்றிருந்தேன். மாதவரம் எப்போது வட சென்னை ஆயிற்று? பால் பண்ணை இருந்தால் வட சென்னையா?

மாதவரம் மைதிலி:
இதற்கும் துணிக்கும் என்ன சம்பந்தம்?

எண்ணூர்க்காரன்:
சம்பந்தம் இல்லை, கேட்டேன். எண்ணூரில் பிறந்தவனுக்கு மாதவரம் தென் சென்னைதான்.

வியாசை_67:
எண்ணூர்க்காரருக்குக் காஞ்சிபுரம் இலங்கை.

பழைய வண்ணை:
பேச்சை மாற்றாதீர்கள். குகைக்குள் போய்ப் பார்த்தவன் நான். மேலே கூரை முழுக்கக் கூழாங்கல் பதிந்திருக்கிறது, கடலை உருண்டையைப் பாதியாக உடைத்த மாதிரி. ஓரத்தில் தேனடை தொங்குகிறது, அதனால் சத்தமே போடாமல் உட்கார்ந்து சாப்பிட்டோம். உள்ளே ஒரு சின்ன அம்மன் சன்னதி. அங்கேயும் அதே மாதிரித் துணி, அதே முடிச்சு, அதே தடிப்பு, ஏழெட்டு கட்டியிருந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மரத்தில் இருந்ததும் வேண்டுதல்தான். அல்லது எண்ணூர்க்காரரின் அத்தை மகன் குகைக்குள் போய் ஏழெட்டுக் கைலி கிழித்தாரா?

எண்ணூர்க்காரன்:
நாங்கள் கட்டியதைப் பார்த்துவிட்டு ஜனங்கள் சாமி மரம் என்று நினைத்து உள்ளேயும் கட்ட ஆரம்பித்திருப்பார்கள். இப்படித்தான் ஊரில் பாதி கோயில் உண்டாகிறது.

கொருக்குப்பேட்டை கேட்:
இதெல்லாம் ரொம்பத் தப்பு. சாமி விஷயத்தில் கை வைக்காதீர்கள்.

எண்ணூர்க்காரன்:
கையை வைக்கவில்லை, கைலியைத்தான் வைத்தோம். வண்ணை அண்ணனுக்கு ஒரு சவால். உங்களோடு வந்த சேக்காளியை இங்கே வரச் சொல்லுங்கள், அவர் சொல்லட்டும். பழவேற்காடு பயணத்தில் படகு கிளம்பிய பிறகு 'பையை மறந்துவிட்டேன்' என்று கரைக்குத் திருப்பச் சொன்ன ஆள் நீங்கள். உங்கள் ஞாபகத்தை நம்ப முடியாது.

பழைய வண்ணை:
அந்தப் படகுக்கு என் பங்கோடு உங்கள் பங்கும் 300 ரூபாய் கொடுத்தது யார் என்பதும் ஞாபகம் இருக்கிறது. இதோ அவனையே கூப்பிட்டிருக்கிறேன்.

ஒற்றியூர் சேக்காளி:
வணக்கம். வேலையில் இருந்தேன், இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு இடது வலது ஞாபகம் இல்லை. அந்தப் பயணத்தில் எனக்கு ஞாபகம் இருப்பது என் செருப்பு. காலையிலேயே வார் அறுந்துவிட்டது. இவன் ஷூ போட்டிருந்தான், நான் செருப்பு. முள்ளில் ஒற்றைக் காலைத் தூக்கித் தூக்கி வந்தேன், இவன் ஒரு தடவை திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பும்போது ஒரு மரத்தில் துணி கட்டியிருந்தது. அதை அவிழ்த்துத்தான் செருப்பைக் காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வண்டி வரைக்கும் வந்தேன். சிவப்பா, கட்டம் போட்டதா, கவனிக்கவில்லை.

காசிமேட்டுக் கருவாடு:
ஐயையோ.

வியாசை_67:
வர்தாவோட அப்பன் வந்துவிட்டார்.

பழைய வண்ணை:
டேய், இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் சொல்லவே இல்லையே! சாமி துணியை அவிழ்த்துக் காலிலா கட்டினாய்? உள்ளே என்ன இருந்தது, காசா, கல்லா? அதையாவது சொல்.

ஒற்றியூர் சேக்காளி:
அவிழ்க்கும்போது ஏதோ விழுந்தது. குனிந்து பார்க்கவில்லை. கால் வலி எனக்குத்தானே தெரியும்.

எண்ணூர்க்காரன்:
விழுந்தது கூழாங்கல். கூழாங்கல் நிறைந்த தரையில் விழுந்தால் தெரியாது. காசாக இருந்தால் 'டிங்' என்றிருக்கும், திருவொற்றியூர்க்காரன் விட்டிருக்க மாட்டான். ஆக, எங்கள் துணியைத் திருடியது நீங்கள்தான்.

மாதவரம் மைதிலி:
ஒரு நிமிடம். 2016 ஜனவரியிலேயே துணி போய்விட்டது என்றால் 2018-இல் நீங்கள் பார்த்தது எந்தத் துணி?

எண்ணூர்க்காரன்:
எந்தத் துணியாக இருந்தால் என்ன? மரம் அதே மரம். இடது.

பழைய வண்ணை:
வலது. ஆயா சொன்னார். நான் நடந்தேன்.

ஒற்றியூர் சேக்காளி:
நீ நடந்தாய். நான் நொண்டினேன்.

எண்ணூர்க்காரன்:
வருகிற ஞாயிறு போவோம். நேரில் காட்டுகிறேன். நாலு மணிக்குத் தண்டையார்பேட்டை மணிக்கூண்டு. வண்ணை அண்ணன் வண்டியை எடுக்கட்டும்.

பழைய வண்ணை:
பெட்ரோல்?

எண்ணூர்க்காரன்:
வழி காட்டுகிறவன் பெட்ரோல் போட மாட்டான்.

பழைய வண்ணை:
முதலில் அந்த 300-ஐ அனுப்புங்கள், அப்புறம் பேசலாம்.

எண்ணூர்க்காரன்:
300 இல்லை, 250.