இறுகிப்போன ஆயில் ஃபில்டரைக் கழற்றிய அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்

ஒத்தக்கடையிலிருந்து:

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி நாமே ஆயில் மாற்றும்போது கஷ்டமான வேலை என்றால் அது பழைய ஃபில்டரைக் கழற்றுவது ஒன்றுதான். ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட் எப்படியும் வந்துவிடும், ஸ்பானர் பிடிக்க அதற்கு ஆறு பக்கம் இருக்கிறது. ஃபில்டர் அப்படி இல்லை. வழவழவென்று உருண்டை டின், மேலே எண்ணெய்ப் பிசுக்கு, அதுவும் கை முழுசாக நுழையாத இடுக்கில். அது இறுகிக்கொண்டால் பாதி வேலையில் வண்டி அப்படியே நின்றுவிடும்.

அதனால் எங்கள் தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கும் மாமா எனக்குச் சொல்லிக்கொடுத்த வரிசையை முதலில் சொல்லிவிடுகிறேன். டிரெயின் போல்ட்டைத் தொடுவதற்கு முன்னாலேயே ஃபில்டர் அசைகிறதா என்று பார்த்துவிட வேண்டும். அசைந்தால் மறுபடி கையால் இறுக்கி வைத்துவிட்டு, அப்புறம் ஆயிலை வடிக்கலாம். அசையவே இல்லையா, ஆயில் இன்னும் உள்ளே இருக்கிறது, வண்டியை ஸ்டார்ட் பண்ணி மெக்கானிக்கிடம் ஓட்டிப் போய்விடலாம். ஆயிலை வடித்துவிட்டு அப்புறம் ஃபில்டரோடு மல்லுக்கட்டினால் அந்த வழியும் அடைபட்டுப்போகும். நான் பார்த்த வரைக்கும் நிறைய பேர் ஆயிலை வடித்த பிறகுதான் ஃபில்டர் பக்கமே திரும்புகிறார்கள்.

என் கார் 2011 மாடல் பெட்ரோல் வண்டி. போன தடவை டவுனுக்குள் ஒரு பட்டறையில் ஆயில் மாற்றியது. இந்தத் தடவை கீழே படுத்துப் பார்த்தபோதே விஷயம் தெரிந்துவிட்டது, டின்னின் இடுப்பில் செயின் ரெஞ்ச் பதிந்த தழும்பு வரிசையாக இருந்தது. ஃபில்டரைக் கையால்தான் இறுக்க வேண்டும், ரெஞ்ச் கழற்றுவதற்கு மட்டும்தான். அங்கே ரெஞ்ச் போட்டே இறுக்கியிருக்கிறார்கள். ரப்பர் வாசரில் துளி எண்ணெய்கூடத் தடவவில்லை என்பது கழற்றிய பிறகு தெரிந்தது. காய்ந்த ரப்பரை இரும்போடு வைத்து நெரித்து, மாதக்கணக்கில் சூடேற்றி ஆற வைத்தால் அது ஒட்டாமல் என்ன செய்யும்? இறுகின ஃபில்டரில் பெரும்பாலும் மரை பிடித்திருக்காது, இந்த வாசர்தான் ஒட்டியிருக்கும். மாட்டினவர் ஒரு நிமிஷம் பொறுமையாகச் செய்திருந்தால் கழற்றுகிறவருக்கு இந்தப் பாடே இல்லை. இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

வெறுங்கையால் முயன்றேன், வழுக்கியது. துணியால் பிசுக்கைத் துடைத்துவிட்டு உப்புத்தாளை சொரசொரப்பு டின்மேல் படும்படி சுற்றிப் பிடித்தேன். பிடி கிடைத்தது, ஆனால் ஃபில்டர் அசையவில்லை. கிண்ணம் மாதிரிப் பின்பக்கம் மாட்டும் ரெஞ்ச் ஒன்று கையில் இருந்தது. அது அந்த ஃபில்டரின் விளிம்பு மடிப்புகளோடு அச்சாகப் பொருந்தினால் மட்டுமே வேலை செய்யும், அரை மில்லி பெரிதாக இருந்தாலும் சும்மா சுற்றும். என்னுடையது சுற்றியது. அந்த வகை வாங்குகிறவர்கள் புது ஃபில்டரைக் கடைக்கே கொண்டு போய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் எஞ்சினை ஐந்து நிமிஷம் ஓடவிட்டேன். ஆயில் இருந்ததால்தான் அதைச் செய்ய முடிந்தது. இளஞ்சூட்டில் ரப்பர் கொஞ்சம் இளகும். ரொம்ப நேரம் ஓடவிடக் கூடாது, சைலன்சர் குழாய் பக்கத்தில் இருந்தால் முழங்கை வெந்துவிடும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி டின்னைச் சுற்றி, அதன்மேல் பெல்ட் ரெஞ்ச் போட்டு, எஞ்சின் பக்கத்து ஓரத்தை ஒட்டிப் பிடித்தேன். டின் நடுவில் பிடித்தால் நசுங்கும், ஓரத்தில் எஞ்சினோடு சேரும் கனமான அடித்தட்டு தாங்கும். வெடுக்கென்று இழுக்காமல் நிதானமாக அழுத்தம் கூட்டிக்கொண்டே போனதில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டதும் வந்த நிம்மதி இருக்கிறதே!

இனி சொல்வதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஆயிலை வடித்துவிட்டு ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தால் வாசர் உட்கார்ந்திருக்கும் பள்ளம் காலி. வாசர் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. கறுப்பு எண்ணெய்க்குள் கறுப்பு வளையம், கண்ணுக்குத் தெரியவே இல்லை, எஞ்சினோடு சேர்ந்த பாகம் போலவே இருந்தது. விரல் நகத்தை ஓரத்தில் விட்டு நெம்பியதும் ஒரு பக்கம் கிளம்பியது, பிடித்து உரித்தேன். அதைக் கவனிக்காமல் புது ஃபில்டரை மேலே மாட்டினால் இரண்டு வாசர் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். எஞ்சினில் பிரஷர் ஏறினதும் ஒன்று பிதுங்கி, உள்ளே இருக்கும் ஆயில் மொத்தமும் ரோட்டுக்கு வந்துவிடும். அதோடு எஞ்சின் போச்சு. பழைய ஃபில்டரில் வாசர் இருக்கிறதா என்று பார்க்காமல் புதுசை எடுக்கவே எடுக்காதீர்கள்.

உங்களுக்கு எப்படி வந்தது, எழுதுங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து:

அண்ணே, எங்களுடையது டிராக்டர். ராத்திரி நல்ல மழை, ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும், அன்றைக்கென்று பார்த்து அக்கா மகன் ஆயில் மாற்ற உட்கார்ந்துவிட்டான். ஃபில்டர் வரவில்லை என்று திருப்புளியை டின்னில் குத்தித் திருப்பியிருக்கிறான். டின் தகரம்தானே, திருப்புளி அதைக் கிழித்துக்கொண்டே சுற்றி வந்துவிட்டது. அடித்தட்டு மட்டும் எஞ்சினில் அப்படியே இருக்கிறது. ஒரு தடவை குத்திவிட்டால் அதற்கப்புறம் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவும் முடியாது, ஓட்டை வழியாக ஆயில் பீய்ச்சி அடிக்கும். ஆகவே குத்துவது கடைசி வழி. அப்படியே குத்தினாலும் நடுவில் குத்தக் கூடாது, நடுவில் மரைக் குழாய் இருக்கும்.

அதைக் கழற்றியது என் மச்சான். கிழிந்த தகரத்தை முதலில் வெட்டி எடுத்தார், கை கிழிந்துவிடும் என்று சாக்கைச் சுற்றிக்கொண்டு. அடித்தட்டின் வெளி ஓரத்தில் சின்ன உளியைச் சாய்வாக வைத்து, கழலும் திசையில் சுத்தியலால் மெதுவாகத் தட்டினார். ஒரே இடத்தில் தட்டாமல் சுற்றிச் சுற்றி இடம் மாற்றித் தட்டினார். உளி எஞ்சின் பக்கத்து முகத்தில் படாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே வேலையே. அதில் கீறல் விழுந்தால் புது வாசர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கசியும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது, ஆனால் கீறல் இல்லாமல் வந்தது. சாயங்காலம் உழவுக்குப் போய்விட்டோம்.

திருமங்கலத்திலிருந்து:

இதில் திசைக் குழப்பத்தை யாரும் சொல்லவில்லையே. அப்பாவின் லோடு வண்டிக்கு நானும் தம்பியும்தான் ஆயில் மாற்றுவோம். ஃபில்டரின் மூடிய பக்கம் நம்மைப் பார்த்து இருந்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்ப வேண்டும், எல்லோருக்கும் தெரியும். ஆனால் எங்கள் வண்டியில் ஃபில்டர் கீழ்நோக்கித் தொங்குகிறது, கை மேலிருந்து போகிறது. அப்போது நம் கண்ணுக்கு எல்லாம் தலைகீழ், கடிகாரத் திசையில் சுற்றினால்தான் கழலும். இது தெரியாமல் பலம் உள்ளவர் யாராவது முக்கி முக்கி இறுக்கிவிட்டால் அதற்குப் பிறகு பெருமாளே வந்தாலும் கஷ்டம். நான் புது ஃபில்டர் மாட்டும்போதே டின்மேல் மார்க்கரால் கழலும் திசைக்கு ஓர் அம்பும், தேதியும் கிலோமீட்டரும் எழுதிவிடுகிறேன். தம்பி இப்போது என்னைக் கேட்காமலே கழற்றுகிறான்.

ஒரு சந்தேகம். பழைய ஆயிலை என்ன செய்கிறீர்கள்? எங்கள் பக்கம் கரையானுக்கென்று மரத்தில் பூசுகிறார்கள், மிச்சத்தை வாய்க்காலில் ஊற்றுகிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை.

ஒத்தக்கடையிலிருந்து, மறுபடியும்:

தங்கச்சி, அம்பு போடும் யோசனையை நானும் செய்யப்போகிறேன். வாய்க்காலில் ஊற்றவே கூடாது. கழிவு எண்ணெய் 2016-ஆம் வருஷத்து அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருகிறது, பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பு ஆட்களிடம்தான் அது போய்ச் சேர வேண்டும். நான் பழைய ஆயிலைப் புது ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி மூடி வைத்து, பேரல் வைத்துச் சேர்க்கிற பட்டறையில் கொடுத்துவிடுவேன். ஃபில்டரையும் ஒரு ராத்திரி கவிழ்த்து வைத்து வடியவிட்டுக் கொடுங்கள், உள்ளே நிறைய ஆயில் நிற்கும்.

மாட்டும்போது செய்வதையும் சொல்லிவிடுகிறேன், இனி வருகிறவர்களுக்கு ஆகும். எஞ்சின் முகத்தைத் துடைத்து, புது வாசரில் விரலால் புது ஆயில் தடவி, வாசர் தொடும் வரை கையால் சுற்றுங்கள். தொட்ட பிறகு முக்கால் சுற்று. பல ஃபில்டர்களின் பெட்டியிலேயே எத்தனை சுற்று என்று போட்டிருக்கும், அதன்படி செய்யுங்கள். ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷம் ஓடவிட்டு ஓரத்தில் கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், அப்புறம் நிறுத்தி அளவுகோலில் ஆயில் மட்டம் பாருங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்ட் வையுங்கள், தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுங்கள். வண்டியைத் தாங்க ஹாலோ பிளாக்கை அடுக்குகிறார்கள், அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும், வேண்டவே வேண்டாம். உசிலம்பட்டித் தம்பி, உங்கள் மச்சான் வைத்த உளி என்ன அகலம் இருக்கும் என்று கேட்டுச் சொல்லுங்கள்.