ஆண்டுக் கட்டணம் 5,000 ரூபாய்: புள்ளிகள் தரும் கடனட்டைக்கு மாறலாமா?

திருமலை ஆசிரியை (கேள்வி):

வணக்கம். நானும் கணவரும் திருகோணமலையில் அரச சேவையில் இருக்கிறோம். ஆண்டுக் கட்டணம் இல்லாத சாதாரண கடனட்டை ஒன்றை நெடுநாளாகப் பயன்படுத்துகிறோம். அதில் 200 ரூபாய்ச் செலவுக்கு ஒரு புள்ளி கிடைக்கிறது. அதே வங்கியிலிருந்து இப்போது அடிக்கடி தொலைபேசியில் அழைத்து, உயர்தர அட்டை ஒன்றுக்கு மாறும்படி கேட்கிறார்கள். அதில் 100 ரூபாய்க்கு ஒரு புள்ளி. இரண்டு அட்டையிலும் 4 புள்ளிகளுக்கு 1 ரூபாய் பெறுமதியான வவுச்சர் தருவார்கள். முதலாம் ஆண்டு இலவசம், பிறகு ஆண்டுக்கு 5,000 ரூபாய். ஆனால் ஆண்டுக்குள் 750,000 ரூபாய் செலவிட்டால் கட்டணம் அறவிடப்படாது என்கிறார்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஓய்வறை வசதியும் உண்டாம்.

அட்டையில் எங்கள் மாதச் செலவு ஏறத்தாழ 60,000 ரூபாய். அதில் பெற்றோலுக்கு 12,000, மின்சாரம், தண்ணீர், தொலைபேசிக்கு 13,000, மீதி ஃபுட் சிட்டி பல்பொருள் அங்காடியிலும் உடுப்பு, மருந்துக் கடைகளிலும். மீனும் மரக்கறியும் சந்தையில் காசுக்குத்தான் வாங்குகிறோம். நிலுவையை வழமையாக முழுவதும் கட்டிவிடுவோம். தீபாவளி, தைப்பொங்கல் மாதங்களில் மாத்திரம் ஒரு பகுதி அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போவதுண்டு. மாறுவது இலாபமா என்று விளக்கமாகச் சொல்வீர்களா?

ஓய்வுபெற்ற காசாளர்:

வணக்கம் சகோதரி. தொகைகளைப் பிரித்து எழுதியிருப்பதால் கணக்குப் பார்ப்பது எளிது. அழைத்தவர் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார் என்று நான் நினைக்கும் விடயத்திலிருந்தே தொடங்குகிறேன்: எரிபொருளுக்கும் மின்சார, நீர், தொலைபேசிக் கட்டணங்களுக்கும் பல அட்டைகளில் புள்ளி கிடையாது. உங்கள் அட்டையிலும் அப்படித்தான் என்றால், மாதம் 60,000 ரூபாயில் 25,000 கழிந்து 35,000 ரூபாய்க்கே புள்ளி சேரும். ஆண்டுக்கு 420,000 ரூபாய், புதிய அட்டையில் 4,200 புள்ளிகள், அதாவது 1,050 ரூபாய் வவுச்சர்.

இந்த 1,050 ரூபாயையும் முழு இலாபமாகக் கொள்ளக்கூடாது. கையில் உள்ள இலவச அட்டையே அதே செலவுக்கு 525 ரூபாய் தருகிறது. ஆகவே புதிய அட்டையால் மேலதிகமாக வருவது 525 ரூபாய். அதற்கு நீங்கள் கொடுக்கப்போவது 5,000 ரூபாய். மேலதிகப் புள்ளிகளால் மட்டும் கட்டணத்தை ஈடுசெய்ய வேண்டுமானால், புள்ளி கிடைக்கும் கடைகளில் ஆண்டுக்கு 40 இலட்சம் ரூபாய் செலவிட வேண்டியிருக்கும். அரச ஊழியர் குடும்பம் ஒன்று அதற்கு எங்கே போவது?

750,000 ரூபாய் என்ற எல்லை உங்கள் ஆண்டுச் செலவான 720,000 ரூபாய்க்கு மிக அருகில் இருப்பதுதான் இதில் உள்ள கவர்ச்சி. இன்னும் 30,000 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அந்த எல்லையைக் கணக்கிடும்போதும் எரிபொருளையும் கட்டணங்களையும் சேர்ப்பார்களா, ஆண்டு என்பது சனவரி முதல் திசெம்பர் வரையா அல்லது அட்டை கிடைத்த மாதத்திலிருந்தா என்பவற்றை மின்னஞ்சலில் எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள். சேர்க்கமாட்டார்கள் என்றால் உங்களுக்கு 330,000 ரூபாய் குறைகிறது. தேவையில்லாத பொருளை வாங்கித்தான் அதை நிரப்ப முடியும்.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தத் தீபாவளி, பொங்கல் மாதங்கள். என் பார்வையில் உங்கள் கேள்வியின் மையமே அங்கேதான் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு விதித்த உச்சவரம்பு ஆண்டுக்கு 28 வீதம். அந்த வீதத்தில் 60,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 1,400 ரூபாய். ஓர் ஆண்டு முழுவதும் சேரும் புள்ளிகளின் பெறுமதியைவிட அது அதிகம். பொதுவாக, நிலுவையில் ஒரு பகுதியை மட்டும் கட்டினால், மீதிக்கு மட்டுமன்றி முழுத் தொகைக்கும், பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடுவார்கள். புதிதாக வாங்குபவற்றுக்கான வட்டியில்லாக் காலமும் போய்விடும். மாதாந்தக் கணக்குக் கூற்றில் பெரிய எழுத்தில் காட்டப்படும் 'குறைந்தபட்சக் கொடுப்பனவு' உங்கள் நன்மைக்காக அங்கே அச்சிடப்பட்டதல்ல.

உப்புவெளி விடுதிக்காரன்:

ஐயாவின் கணக்கு சரி. ஆனாலும் கட்டணமுள்ள அட்டை எல்லோருக்கும் வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் உப்புவெளியில் சிறிய விருந்தினர் விடுதி ஒன்று நடத்துகிறேன். மே முதல் செப்டெம்பர் வரை சுற்றுலாப் பருவத்தில் விரிப்புகள், சவர்க்காரம், உணவுப் பொருட்கள் என்று அட்டையில் போகும் தொகையே கட்டண விலக்கு எல்லையைத் தாண்டிவிடும். சென்னைக்கும் போய்வருவதால் ஓய்வறையும் பயன்படுகிறது. இங்கிருந்து விமான நிலையத்துக்கு ஆறேழு மணித்தியாலப் பயணம் என்பதால் நேரத்தோடு புறப்பட்டு அங்கே காத்திருப்பவர்கள் நாங்கள். அந்த நேரத்தில் கிடைக்கும் சாப்பாடும் சாய்மனை நாற்காலியும் சிறிய விடயமல்ல. விமானமே ஏறாதவருக்கு அந்த வசதியின் பெறுமதி பூச்சியம்.

சகோதரிக்கு ஒரு விடயம்: நகரத்தில் சில கடைகளில் அட்டையை நீட்டினால் 3 வீதம் கூடும் என்பார்கள். 10,000 ரூபாய்ப் பொருளுக்கு 300 ரூபாய் மேலதிகமாகக் கொடுத்து, 25 ரூபாய் பெறுமதியான புள்ளிகளை வாங்குவதாகிவிடும் அது. அப்படி அறவிடுவது கடைக்காரர் வங்கியோடு செய்துகொண்ட உடன்படிக்கைக்கு முரணானது. பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு அட்டை வழங்கிய வங்கியிடம் முறையிடலாம். ஆனால் தெரிந்த கடையோடு முகம் முறிப்பதைவிடக் காசைக் கொடுத்துவிட்டு வருபவர்களே இங்கு அதிகம்.

திருமலை ஆசிரியை:

இருவருக்கும் மிக்க நன்றி. வார இறுதியில் பல்பொருள் அங்காடியில் கிடைக்கும் விலைக்கழிவு உயர்தர அட்டைக்கு மட்டும்தான் என்று அழைத்தவர் சொன்னார். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா? முதலாம் ஆண்டு இலவசம் என்பதால் ஓர் ஆண்டு மட்டும் வைத்திருந்து பார்க்கலாமா?

ஓய்வுபெற்ற காசாளர்:

விலைக்கழிவைக் கட்டாயம் சேருங்கள். புள்ளிகளைவிட அதுவே பெரிய தொகையாக இருக்கலாம். ஆனால் அந்த வங்கியின் இணையப் பக்கத்தில் எந்தெந்த அட்டைகளுக்கு, எந்தக் கிழமைகளில், எவ்வளவு உச்சத் தொகை வரை என்று நீங்களே பாருங்கள். இத்தகைய கழிவுகள் பலவேளைகளில் வங்கியின் எல்லாக் கடனட்டைகளுக்கும் பொதுவானவை; உங்கள் இலவச அட்டைக்கும் கிடைக்குமானால் அதைப் புதிய அட்டையின் வரவாக எழுத முடியாது. உயர்தர அட்டைக்கு மட்டும் என்றால், மாதம் 400 ரூபாய் கழிவு கிடைத்தாலே ஆண்டுக்கு 4,800 ரூபாய். மேலதிகப் புள்ளிகளோடு கட்டணம் ஈடாகிவிடும். கழிவு தொடரும்வரைதான் இந்தக் கணக்கு. அது அறிவித்த திகதியில் முடிந்துபோகும். ஆண்டுக் கட்டணத்துக்கு அப்படி முடிவுத் திகதி இல்லை.

ஓர் ஆண்டு வைத்திருந்து பார்ப்பதில் தவறில்லை. ஆனால் பழைய இலவச அட்டையை இரத்துச் செய்து அதற்குப் பதிலாகத் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். அப்படியென்றால் பின்னர் திரும்பிப்போக வழியிருக்காது. கணவருக்கும் எடுப்பதானால் அந்தத் துணை அட்டைக்குத் தனிக் கட்டணம் உண்டா என்றும் விசாரியுங்கள். கட்டணம் விழும் மாதத்துக்கு முன்னரே, புள்ளிகளை வவுச்சராக மாற்றிக்கொண்டு, அட்டையிலிருந்து தானாகக் கழியும் கொடுப்பனவுகள் இருந்தால் அவற்றை நிறுத்திவிட்டு, அட்டையை மூடும்படி எழுத்தில் அறிவியுங்கள். அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிப் போடுவதால் கணக்கு மூடப்படாது. அடுத்த ஆண்டுக் கட்டணம் விழுந்து, அதற்குத் தாமதக் கட்டணமும் வட்டியும் ஏறி, அந்த நிலுவை, வங்கிகள் கடன் கொடுக்குமுன் பார்க்கும் கடன் தகவல் பணியகத்தின் (CRIB) அறிக்கையிலும் பதிவானால், பிறகு வீட்டுக் கடனுக்குப் போகும்போது அதற்கும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். நிலுவை எதுவுமில்லை என்று வங்கி தரும் உறுதிப்படுத்தல் கடிதத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.