நார் லாட்ச் எந்தப் பக்கம் சாயும் என்பதைத் தீர்மானிப்பது எது?

அனைவருக்கும் வணக்கம். இரண்டு நார் கேட்களில் (உள்ளீடுகள் எல்லாம் 0 ஆக இருந்தால் மட்டுமே 1 தரும் தர்க்கச் சுற்றுகள்) ஒன்றின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீடாகக் குறுக்கே இணைத்தால், செட் முனையில் ஒரு கணம் 1 கொடுத்து எடுத்த பின்னும் க்யூ வெளியீடு 1 ஆகவே நிற்கிறது. மின்சாரம் உள்ளவரை அந்த ஒரு பிட்டை, லாட்ச் எனப்படும் இச்சுற்று தானாகவே தாங்கி நிற்பது எத்தனை முறை பார்த்தாலும் வியப்பளிக்கிறது.

செட், க்யூவை மீண்டும் 0 ஆக்கும் ரீசெட் ஆகிய இரு உள்ளீடுகளிலும் 1 கொடுத்தால் இரு வெளியீடுகளும் 0 ஆகின்றன என்பது வரை புரிகிறது. அவ்விரு உள்ளீடுகளையும் ஒரே நேரத்தில் 0 ஆக்கினால், லாட்ச் எந்தப் பக்கம் சாயும் என்பதைக் கேட்களின் தாமத வேறுபாடு மட்டுமே முடிவு செய்கிறதா, மின்னிரைச்சலுக்கும் அதில் பங்கு உண்டா? வெளியீடு இடைப்பட்ட மின்னழுத்தத்தில் சற்றே தயங்கும் மெட்டாஸ்டபிள் நிலையை, நார் கேட்கள் அடங்கிய 74எச்சி02 சிப்பைக் கொண்டு, மின்னழுத்த மாற்றத்தை வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் காண முடியுமா? செய்து பார்த்தவர்கள் சுற்று வரைபடத்துடன் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.