வேட்டுச் சத்தம் இல்லாத ஊரில் நத்தைகுத்தி நாரைகள்: கொள்ளுகுடிப்பட்டி அனுபவம்

பறவை பார்க்கப் போகிறேன் என்றால், "வேடந்தாங்கலா?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். வேடந்தாங்கலை நான் குறை சொல்லமாட்டேன். நாரைகளைச் சுட்ட பட்டாளத்துக்காரர்கள் மேல் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கிய ஊர் அது. ஆனால் விடுமுறை நாளில் அங்கே பறவையைவிட மனிதத் தலைகள்தான் அதிகம் தெரியும். கூட்டம் ஒத்துக்கொள்ளாது என்பவர்கள் தெற்கே சிவகங்கை மாவட்டத்துக்கு வாருங்கள்.

மதுரையிலிருந்து மேலூர் வழியாகத் திருப்பத்தூர் போகும் சாலையில், திருப்பத்தூருக்குச் சற்று முன்னால் இருக்கிறது வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள். மூன்றும் சேர்ந்தே 38.4 ஹெக்டேர்தான். 1977-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். அறிவிப்புப் பலகையைத் தவறவிட்டால் வழக்கமான ஒரு கண்மாய்க்கரை என்று நினைத்துக் கடந்துவிடுவீர்கள்.

நாங்கள் போனது தை பிறந்த சில நாட்களில். கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத்தான் சேதி வந்தது. எச்சத்தின் நெடி அப்படி. கரையேறிப் பார்த்தால், தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துக் கிடந்தன. ஒரே மரத்தில் மேல்மாடியில் நாரை, நடுவில் வெள்ளை அரிவாள் மூக்கன், கீழே நீர்க்காகம் என்று குடித்தனம். வக்காக்கள் பகலெல்லாம் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு இலை மறைவில் தூங்குகின்றன. பாம்புத்தாரா ஒன்று பட்டுப்போன கிளையில் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது.

ஆனால் நான் நகராமல் நின்றது நத்தைகுத்தி நாரைக்காகத்தான். வளர்ந்த பறவையின் அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். பாக்குவெட்டியில் வைத்து உடைப்பதுபோல நத்தையை அந்தச் சந்தில் வைத்து உடைக்கும் என்றுதான் முன்பு பலர் நம்பினார்கள். கரைக்கு அருகே ஒன்று இரை தேடுவதைத் தொலைநோக்கியில் நன்றாகப் பார்க்க முடிந்தது. தலையைத் தண்ணீருக்குள் விட்டு, ஏதோ பூட்டைத் திறப்பவன் மாதிரி சிறிது நேரம் அசைத்துக்கொண்டே இருந்தது. பிறகு தலையைத் தூக்கியபோது அலகில் சதை மட்டும் தொங்கியது, நத்தையின் ஓடு இல்லை. மேல் அலகால் நத்தையைச் சேற்றில் அழுத்திப் பிடித்து, கீழ் அலகின் நுனியை ஓட்டின் வாயை அடைத்திருக்கும் மூடிக்குள் நுழைத்துத் தசையை அறுத்துவிடுகிறது. கரையோரம் ஒதுங்கிக் கிடந்த வெற்று நத்தை ஓடுகளில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. குஞ்சுகளுக்கு இந்தச் சந்து கிடையாது, வளர வளரத்தான் விழுகிறது. கூட்டில் நிற்பது குஞ்சா தாயா என்று தூரத்திலிருந்து குழம்புகிறவர்கள் அலகைப் பார்த்தால் போதும்.

வெயில் ஏறியதும் கூடுகளில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். தாய்ப்பறவை வெயிலுக்கு முதுகைக் கொடுத்து, இறக்கையைப் பாதி விரித்து, குஞ்சுகள் மேல் நிழல் விழும்படி நிற்கிறது. வெயில் நகர்ந்தால் அதுவும் நகர்கிறது. இதைப் பார்த்தபின் கூட்டுக்கு அருகே போக யாருக்கும் மனம் வராது என்று நினைத்தேன். வந்தது. பெரிய கேமராக்களோடு வேனில் இறங்கிய ஒரு குழு, பறக்கும் படம் வேண்டும் என்று கைதட்டிக் கிளப்பிவிடப் பார்த்தது. தாய் எழுந்துபோன கூட்டுக்குக் காகம் வர அதிக நேரம் ஆகாது. முட்டையாக இருந்தால் அத்தோடு சரி. நாங்கள் வாய் திறப்பதற்குள், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து அவர்களிடம் இரண்டே வாக்கியம் பேசினார். "இங்கே நாங்கள் தீபாவளிக்கே வேட்டுப் போடுவதில்லை. நீங்கள் கைதட்டுகிறீர்களே." கேமராக்கள் பைக்குள் போயின.

அவர் சொன்னது செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் தீபாவளிச் சமயத்தில் வருவதுதான். கொள்ளுகுடிப்பட்டியில் பல பத்தாண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை. கோயில் விழாவிலும் கல்யாணத்திலும்கூட வெடி கிடையாது. வனத்துறை தீபாவளிக்கு ஊர்க்காரர்களுக்கு இனிப்புக் கொடுத்து நன்றி சொல்கிறது. இதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஊரே ஒரே மனதாகத் தியாகம் செய்கிறது என்றால் எங்கோ இடிக்கும். திண்ணையில் உட்கார்ந்து பேசியபோது அது தீர்ந்தது. யாரும் தியாகம் என்று சொல்லவில்லை. "புதிதாக வாழ வந்த மருமகள்களுக்கு முதல் தீபாவளி கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும் தம்பி, பிறகு பழகிவிடும்" என்றார் ஒரு அப்பத்தா. பக்கத்தில் நின்ற பேரன் அதற்கும் வழி வைத்திருந்தான்: மறுநாள் மாமா ஊருக்குப் போய் வெடித்துத் தீர்த்துவிடுவானாம். அப்பத்தா அவன் மண்டையில் ஒரு குட்டு வைத்தார்.

பறவையால் ஊருக்கு என்ன என்று கேட்டால் விவசாயிகள் உடனே தண்ணீரைக் காட்டுகிறார்கள். எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் போகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் அதிலேயே இருக்கின்றன. மழை பொய்த்துக் கண்மாய் நிரம்பாத ஆண்டில் பறவையும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே அங்கே பறவையைப் பற்றிய பேச்சு எப்போதும் மழையில் போய்த்தான் முடிகிறது. கார்த்திகையில் எத்தனை நாள் பெய்தது, எந்த வரத்துக்கால்வாய் தூர்ந்து கிடக்கிறது, சீமைக்கருவேலம் எங்கே அடைத்திருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள் இந்தப் பேச்சைக் கேட்காமல் எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொண்டு வருவது பாதி வேலைதான்.

மதியம் பறவைகள் ஓய்ந்துவிடும். அந்த நேரத்தைச் சுற்றுப்புறத்துக்குக் கொடுங்கள். இந்தப் பக்கத்தில் ஐயனார் கோயில்களுக்குக் குறைவில்லை. வழியெல்லாம் மண்குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. பழையவை மழையில் கரைந்து காது மூக்கு இழந்திருக்கும், புதியவை பளிச்சென்று வர்ணத்தோடு நிற்கும். புரவி எடுப்பு விழாவுக்கு முன் ஊர்ப் பெரியவர்கள், குதிரை செய்யும் குயவரான வேளாரிடம் பிடிமண் (ஒரு பிடி மண்) கொடுப்பார்கள். குதிரைகள் தயாரானதும் ஊரே தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோகும். கோடையில் சுற்றுவட்டாரக் கண்மாய்கள் வற்றும்போது மீன்பிடித் திருவிழாவும் நடக்கும். பெரியவர் ஒருவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், அதுவரை காத்திருந்த கூட்டம் ஊத்தா, கச்சா என்ற மீன்பிடிக் கருவிகளோடு சேற்றில் பாயும். பிடித்ததை விற்கமாட்டார்கள், அன்று எல்லா வீட்டிலும் மீன்குழம்புதான்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். காலை வெளிச்சம் வந்ததும் போய்விடுங்கள். இல்லையென்றால் இரை தேடப் போனவை கூடு திரும்பும் மாலை நேரம். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி கரையில் இடம் பிடியுங்கள். 8x42 தொலைநோக்கி தாராளமாகப் போதும். வெள்ளை, சிவப்புச் சட்டை வேண்டாம். ட்ரோனைப் பற்றி நான் சொல்லவே தேவையில்லை, அந்தப் பெரியவர் சொல்லிவிடுவார். சாப்பாடும் தண்ணீரும் கையில் இருக்கட்டும், குப்பையும் கையோடு திரும்பட்டும்.

திரும்பும் வழியில் பொழுதிருந்தால் மேலூர் பக்கம் அரிட்டாபட்டியில் இறங்குங்கள். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். குடைவரைக் கோயிலும் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டும் இருக்கின்றன, பாறை இடுக்குகளில் வல்லூறுகளும் கழுகுகளும் இருக்கின்றன. எங்களுக்கு அங்கே இருட்டிவிட்டதால் அரைகுறையாகத்தான் பார்த்தோம். லகுடு வல்லூறை அங்கே நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், எந்தப் பாறைப் பக்கம், எந்த மாதம் என்று சொல்லுங்கள். மாசியில் மறுபடி போகும் எண்ணம் இருக்கிறது.