பாமிர் நெடுஞ்சாலை: மூர்காபில் தங்குவது பற்றி உதவி தேவை

ஆகஸ்டில் கிர்கிஸ்தானின் ஓஷிலிருந்து தஜிகிஸ்தானின் ஹோரோக் வரை பாமிர் மலைச் சாலையில் போகிறோம். ஆறு பேர், இரண்டு ஜீப். தஜிகிஸ்தான் விசாவோடு, அங்குள்ள பாமிர் பகுதிக்குள் போகத் தேவையான கோர்னோ-பதக்‌ஷான் அனுமதியும் வாங்கியாச்சு.

சிக்கல் உயரம்தான். ஓஷ் சுமார் 1,000 மீட்டர், வழியில் சாரி-தாஷ் 3,170, கரகுல் 3,900-க்கு மேல். ஒரே ராத்திரியில் இவ்வளவு ஏறிப் படுத்தால் தலைவலியும் வாந்தியும் வரத்தான் செய்யும். அதனால் சாரி-தாஷில் இரண்டு இரவு, பிறகு கரகுலில் நிற்காமல் அக்-பைத்தால் கணவாய் (4,655) தாண்டி, 3,600-ல் உள்ள மூர்காபில் தூங்குவதாகத் திட்டம். எல்லையில் தாமதமானால் கணவாயில் இருட்டிவிடும். கிர்கிஸ், தஜிக் சாவடி இரண்டுக்கும் சேர்த்து எத்தனை மணி நேரம் ஒதுக்கலாம்?

இன்னொன்று, வெந்நீர். மூர்காப் பக்கம் மரமே அரிது. அடுப்பில் எரிவது காய்ந்த சாணம், இல்லையென்றால் தெரெஸ்கென் புதர். முழங்கால் உயரம்கூட வராத செடி, வேரோடு பிடுங்குகிறார்கள். மறுபடி வளரப் பல வருடம் ஆகும், அதுவே கால்நடைக்குத் தீவனமும். ஆறு பேர் தினமும் குளிக்கக் கேட்டால் எவ்வளவு புதர் போகும்! குளியலை மூன்று நாளைக்கு ஒருமுறை ஆக்கிவிட்டோம். ஓஷிலிருந்து இரண்டு மூட்டை நிலக்கரி கொண்டுபோனால் சுங்கத்தில் விடுவார்களா? தங்கும் வீட்டுக்காரர்கள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வார்களா, அல்லது அறை வாடகையோடு விறகுக்கென்று தனியாக சோமோனி (தஜிக் பணம்) கொடுப்பதே மேலா?