வடசென்னையைக் குழுவோடு சுற்றிப் பார்த்தவர்களே, மனத்தை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

வண்ணாரப்பேட்டை வாசகி:

ராயபுரம் ரயில் நிலையத்துக்கு மரபு நடையில் போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அந்தக் கட்டடத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு அங்கே கண்ட ஒரு மனிதரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் வழிகாட்டி முகப்புத் தூண்களுக்கு எதிரே எங்களை நிறுத்தி, "இந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் புறப்பட்டது" என்றார். தூண் ஓரமாகத் துணிப்பையுடன் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். "தம்பி, முதல் ரயில் ஓடியது பம்பாயில், 1853இல். இங்கே ஓடியது 1856 ஜூலை 1. ஆற்காட்டுப் பக்கத்து வாலாஜா ரோடு நிலையம் வரைக்கும். ஆனால் அந்தக் காலத்துக் கட்டடம் இன்னும் எழுந்து நிற்பது இங்கேதான்" என்றார். குரலில் சண்டை இல்லை. வேலையில் இருந்தபோது எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருப்பாரோ, அவ்வளவு சரளம். ரயில்வேயில் கலாசியாக, அதாவது கடைநிலைத் தொழிலாளியாகச் சேர்ந்து ஓய்வு பெற்றவராம்.

வழிகாட்டி, "சரிங்க ஐயா, நன்றி" என்று சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். பெரியவர் என்னைப் பார்த்தார். தூணில் கையை வைத்து, "அம்மா, இந்த இடத்தில்தான் எங்கள் அப்பா ஒருநாள் ராத்திரி..." என்று ஆரம்பித்தார். அதற்குள் வேன் வந்துவிட்டது, எல்லாரும் ஏறுங்கள் என்று ஒரே கூச்சல். அடுத்தது பார்சிக்காரர்களின் அக்கினிக் கோயில். அங்கே வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள் என்பது குழுவை நடத்தியவர்களுக்கு முன்பே தெரியும். பூட்டிய வாசலைப் பார்ப்பதற்காக ஒரு மனிதரின் பேச்சைப் பாதியில் நறுக்கினார்கள்.

அவர் அப்பா அந்த ராத்திரி என்ன செய்தார்? அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தூண்களின் அடியில் பார்க்கிறேன். யாருக்காவது அவரைத் தெரிந்தால் சொல்லுங்கள்.

காசிமேடு வலைக்காரன்:

அக்கா, உங்களுக்காவது ஒருவர் வந்து திருத்தினார். எங்கள் பக்கம் வருகிறவர்கள் திருத்தவும் இடம் கொடுப்பதில்லை.

மே மாதம். துறைமுகம் முழுக்க விசைப்படகுகள் கட்டிக் கிடந்தன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது கடற்கரையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். மீன் குஞ்சு பொரிக்கிற காலம், அதனால் கடலுக்குப் போவதில்லை. அந்த இரண்டு மாதத்தில்தான் படகுக்குச் சாயம் அடிப்போம், இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்போம், வலை கட்டுவோம். அன்றைக்கு நான் படகு நிழலில் வலை கட்டிக்கொண்டிருந்தேன். கால் பெருவிரலில் வலையின் ஓரத்தை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊசியை ஓட்டுகிற வேலை. கவனம் சிதறினால் கண்ணி பெரிதாகிவிடும்.

ஒரு குழு வந்து நின்றது. அழைத்து வந்தவர், படகுகளைக் கையால் காட்டி, "பாருங்கள், ஒரு காலத்தில் எப்படி இருந்த தொழில். இன்று யாரும் கடலுக்குப் போவதில்லை" என்றார். ஒரு பெண்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைப் பார்த்து, பாவம் என்று தலையை ஆட்டினார். நான் "அம்மா, ஜூன் பதினைந்தாம் தேதி விடியற்காலை வந்து பாருங்கள்" என்றேன். அவர் புரியாமல் சிரித்தார். பிறகு பத்து ரூபாய்த் தாளை எடுத்து வலையின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

அந்தத் தாள்தான் என்னை உறுத்துகிறது. என் மடியில் கிடந்த வலையின் விலை தெரிந்திருந்தால் அப்படிச் செய்திருக்கமாட்டார். காற்றில் பறந்துவிடாமல் இருக்க அதன் மேல் ஈயக் குண்டு ஒன்றைத் தூக்கி வைத்தேன், அவர் திரும்பி வந்தால் கொடுத்துவிடலாம் என்று. வரவில்லை.

செவ்வாய்க்கிழமைப் பயணி:

என் அனுபவம் சின்னது. ஆர்மேனியன் தெருவில் ஆர்மேனியத் தேவாலயம், அந்தோணியார் கோயிலுக்குக் கூட்டம் சேரும் செவ்வாய்க்கிழமை. இரண்டும் ஒரே தெருவில்தான், ஆனால் ஒன்றில் நிற்க இடமில்லை, மற்றொன்றில் ஆளே இல்லை.

உள்ளே தரையெல்லாம் கல்லறைக் கற்கள். மிதிக்காமல் நடக்கவே முடியாது. உலகத்திலேயே முதல் ஆர்மேனிய மொழி இதழை 1794இல் இதே சென்னையில் அச்சிட்ட பாதிரியாரும் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். வழிகாட்டி நன்றாகவே சொன்னார், குறை சொல்ல மாட்டேன். அப்போது ஒரு பாட்டி எங்கள் பின்னாலேயே உள்ளே வந்துவிட்டார். கையில் அந்தோணியாருக்கு வாங்கிய மெழுகுவத்திக் கட்டு. "இத்தனை வருடம் வாசலோடு போகிறேன், கதவு திறந்திருந்ததால் வந்தேன். உள்ளே என்ன சாமி?" என்று கேட்டார். இப்போது இங்கே வழக்கமான பூசை கிடையாது பாட்டி, இவர்களுடைய ஆட்கள் இந்த ஊரிலேயே அநேகமாக இல்லை என்று எங்களில் ஒருவர் சொன்னார்.

பாட்டி சுற்றிப் பார்த்தார். "அப்படியானால் இவர்களுக்கு யார் கல்லறைத் திருநாளுக்கு விளக்கு வைப்பார்கள்?"

எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. கட்டிலிருந்து ஒரு மெழுகுவத்தியை உருவினார். படிக்கத் தெரியாத எழுத்து பொறித்த ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து, முந்தானையால் அதன் மூலையைத் துடைத்து, வத்தியைக் கொளுத்தாமலே அங்கே வைத்தார். ஏன் அந்தக் கல் என்று கேட்கத் தோன்றியது. அதற்குள் அவர் போய்விட்டார்.

கடற்கரை நடையன்:

நான் இந்தப் பகுதியில் நடை அழைத்துப் போகிறவன். முதலில் வண்ணாரப்பேட்டை அம்மாவுக்கு: முப்பது பேரை வைத்துக்கொண்டு வெயிலில் நிற்கும்போது, நடுவில் வந்து பேசுகிற ஒவ்வொருவருக்கும் நேரம் கொடுக்க முடியாது. குழுவில் ஒருவருக்கு மயக்கம் வந்தால் நீங்களே வழிகாட்டியைத்தான் கேட்பீர்கள். அக்கினிக் கோயிலை வாசலோடு பார்த்தால் என்ன? 1910இல் கட்டியது, முகப்பே பார்க்கத் தகுந்தது. ஆனால் முதல் ரயில் என்று சொன்னது தவறுதான், அதில் சமாதானம் இல்லை.

எனக்கும் ஒன்று உண்டு. உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் குண்டு வீசியதன் நினைவாக ஒரு கல் பதித்திருக்கிறார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தது, ஊர் ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது எல்லாம் சொல்லி முடித்தேன். பள்ளிக்கூடப் பையன் ஒருவன், "ஓடியவர்கள் திரும்பி வந்தபோது வீடு பூட்டியபடியே இருந்ததா?" என்று கேட்டான். எத்தனையோ பேர் கப்பலின் நீளத்தையும் குண்டுகளின் எண்ணிக்கையையும் கேட்டிருக்கிறார்கள். வீட்டைப் பற்றிக் கேட்டவன் அவன் ஒருவன்தான். அன்றிலிருந்து அந்தக் கல்லின் முன்னால் நின்றால் அவன் முகம் வருகிறது.

இனி வரப்போகிறவர்களுக்குச் சில வார்த்தை. வேன் வைக்காதீர்கள். பீச் ஸ்டேஷனில் இறங்கி, காலை ஆறரைக்குள் நடக்கத் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் கடைப் பலகைகள் மூடியிருக்கும், சரக்கு ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டிகளின் நெரிசல் இருக்காது, கட்டடத்தின் மேல் மாடியை நிமிர்ந்து பார்க்கலாம். ஆனால் அந்தத் தெருக்களின் உயிர் வியாபாரம். காகிதக் கடை, இரும்புக் கடை, ரசாயனக் கடை என்று தெருவுக்கு ஒரு சரக்கு. அதைப் பார்க்க வேண்டுமென்றால் வேலை நாளில் இன்னொருமுறை வரத்தான் வேண்டும். பாரி முனையில் தொடங்குங்கள். பிரெஞ்சுக்காரர்களிடம் 1746இல் புனித ஜார்ஜ் கோட்டையை இழந்து 1749இல் திரும்பப் பெற்ற பிறகு, கோட்டைச் சுவரை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் பட்டணத்தை, அதாவது இந்தியர்கள் வாழ்ந்த பகுதியை, ஆங்கிலேயர் இடித்துத் திடலாக்கினார்கள். பீரங்கிக்கு எதிரே மறைவு இருக்கக் கூடாது என்பதற்காக. அந்தத் திடலின் எல்லையில் நட்ட தூண்களில் ஒன்று மட்டும் பாரி நிறுவனக் கட்டடத்தில் மிச்சம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தால்தான், அங்கிருந்தவர்கள் குடியேறிய முத்தியால்பேட்டையும் பெத்துநாயக்கன்பேட்டையும் ஏன் இப்படி நெருக்கியடித்து நிற்கின்றன என்பது புரியும். அடுத்து தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள். சிவாஜி 1677இல் வந்து வணங்கிய கோயில். பாரதியார் வழக்கமாக வந்த கோயில். நடை சாத்துவதற்கு முன்னால் போய்விடுங்கள். ஆர்மேனியத் தேவாலயமும் பிற்பகலில் பூட்டிவிடும். வடக்கே பழைய ஜெயில் சாலைக்குப் போனால் மாடிப் பூங்கா. ஹைதர் அலிக்குப் பயந்து எழுப்பிய நகரச் சுவரின் மிச்சம் அது, அதன் மேலேயே ஏறி நடக்கலாம். தண்ணீர் இரண்டு பாட்டில், தொப்பி, சில்லறை, பழைய செருப்பு. சாயங்காலம் தங்கசாலையில் ஜிலேபி, இரண்டாவது கடற்கரைச் சாலையில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ். அத்தோவில் காரம் குறைக்கச் சொன்னால் குறைப்பார்கள். முட்டையை வெட்டி மசாலா திணித்துத் தருவதையும் விடாதீர்கள். குழந்தைகளோடு வருகிறவர்கள் காசிமேட்டு ஏலத்தைத் தவிர்ப்பது நல்லது, தரை வழுக்கும்.

காசிமேடு வலைக்காரன்:

ஐயா, வழி யாரும் கேட்கவில்லை. குழந்தைகளைத் தாராளமாக அழைத்து வாருங்கள். எங்கள் குழந்தைகள் அந்தத் தரையில்தான் ஓடுகிறார்கள்.

ஏழுகிணறு வீட்டுக்காரன்:

எல்லாரும் பார்க்க வந்தவர்களாகவே எழுதுகிறீர்கள். நான் பார்க்கப்பட்டவன்.

எங்கள் வீடு வள்ளலார் வாழ்ந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க 1772இல் வெட்டிய கிணறுகளையும், வள்ளலார் வீட்டையும் பார்க்க வருகிறவர்கள் எங்கள் தெரு வழியாகத்தான் போக வேண்டும். போகிறவர்கள் எங்கள் வீட்டு முன்னாலும் நிற்பார்கள். திண்ணையும் தேக்குத் தூணும் நடுவில் முற்றமும் இன்னும் அப்படியே இருப்பதால்.

ஒருநாள் காலை. அப்பா முற்றத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, ஆனால் காது நன்றாகக் கேட்கும். கதவு திறந்திருந்தது. வெளியே ஒருவர் உரத்த குரலில் விளக்கினார்: "இந்த மாதிரி வீடுகள் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான். பெரியவர்கள் காலம் முடிந்ததும் பிள்ளைகள் இடித்து அடுக்குமாடி கட்டிவிடுவார்கள். இப்போதே நன்றாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்."

படம் எடுத்தார்கள். அப்பா பேப்பரை இறக்கவில்லை, பக்கத்தையும் திருப்பவில்லை. இரவு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது என்னைக் கேட்டார்: "யாரிடமாவது பேசி வைத்திருக்கிறாயா?"

இல்லை அப்பா என்றேன். எங்கேயும் பேசவில்லை, பேசவும் போவதில்லை. அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. மறுநாள் பீரோவிலிருந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்துத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. என் வீட்டில், என் அப்பா, என்னிடமிருந்து பத்திரத்தைக் காக்கிறார். தெருவில் நின்று ஒரு நிமிடம் பேசிவிட்டுப் போன மனிதருக்கு இது தெரியாது.

கடற்கரை நடையன்:

தம்பி, மனம் கஷ்டமாக இருக்கிறது. அது நான் இல்லை, ஆனால் என்னைப் போல ஒருவர். ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். இடிப்பது உண்மையாகவே நடக்கிறது. பவளக்காரத் தெருவில் போன தடவை காட்டிய வீடு அடுத்த தடவை தகர வேலிக்குப் பின்னால் போய்விடுகிறது. அதை ஜனங்களிடம் சொல்லாமல் எப்படி நடை நடத்துவது?

வண்ணாரப்பேட்டை வாசகி:

சொல்லுங்கள் ஐயா. வீட்டுக்காரர் காதில் விழாத இடத்தில் நின்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் உள்ளே போய் அவரையே கேளுங்கள். நாங்கள் நூறு ரூபாயோ ஐந்நூறு ரூபாயோ கொடுத்து வருவது சுவரைப் பார்க்க மட்டுமா? அந்த வீட்டின் தேக்குத் தூண் எங்கிருந்து வந்தது என்று அந்தப் பெரியவருக்குத்தானே தெரியும்?

ஏழுகிணறு வீட்டுக்காரன்:

பர்மாவிலிருந்து வந்தது அக்கா. என் கொள்ளுத்தாத்தா கப்பலில் இறக்கியதாக அப்பா சொல்வார். இன்னும் நிறையச் சொல்வார், அவரை நிறுத்துவதுதான் கஷ்டம்.

நடையன் ஐயா, உங்கள் குழுவை அழைத்து வாருங்கள். பத்துப் பேருக்கு மேல் வேண்டாம், திண்ணை தாங்காது. காலை ஒன்பதுக்கு முன்னால் தண்ணீர் பிடிக்கிற வேலை இருக்கும், அதற்குப் பிறகு வாருங்கள். முதலில் அப்பாவுக்கு வணக்கம் சொல்லுங்கள், பிறகு படம் எடுங்கள். வீடு இடிக்கப்படப்போவதில்லை என்பதையும் அவர் எதிரிலேயே எல்லாருக்கும் சத்தமாகச் சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் அவர் நம்பவில்லை.