பாராசோஷியல் உறவு: ‘எதிர்பெறா உறவு’ என்னும் பரிந்துரை

பாப் இசை நட்சத்திரங்களுக்கும் ரசிகர்களுக்கும் இடையிலான பிணைப்பை ஆராயும் சமகாலக் கலையைப் பற்றித் தமிழில் எழுதுவோர் ‘பாராசோஷியல்’ (ஊடகத்தின் வழியே மட்டும் அறிந்த ஒருவரோடு ரசிகர் கொள்ளும் ஒருபக்க நெருக்கம்) என்பதற்கு நேராகப் ‘போலி உறவு’ என்று எழுதுவதை என்னால் ஏற்க இயலவில்லை. ஆய்வாளர்கள் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் ஆகிய இருவரும் 1956-இல் இக்கருத்தாக்கத்தை முன்வைத்தபோது, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றுபவர் நம்மிடமே பேசுவதுபோல் பேசுவதால் விளையும் நெருக்கத்தைத்தான் குறித்தார்கள். நேருக்கு நேர் பழகுவதான தோற்றத்தை மாயை என்றார்களே தவிர, நேயரின் உணர்வைப் பொய் என்று அவர்கள் வரையறுக்கவில்லை.

கலைப்படைப்புகளைப் பார்த்தால் ‘போலி’ எவ்வளவு பொருந்தாத அடைமொழி என்பது விளங்கும். காணொளிக் கலைஞர் கேண்டிஸ் பிரைட்ஸ் 2005-இல் மிலன் நகரில் 30 மடோன்னா ரசிகர்களையும், அதே ஆண்டு பெர்லினில் 16 மைக்கேல் ஜாக்சன் ரசிகர்களையும் ஒவ்வொருவராக ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்து, ஒரு முழு இசைத்தொகுப்பைத் தொடக்கம் முதல் இறுதிவரை பாடச் செய்து படம்பிடித்தார். மூல இசை அவர்களுடைய காதொலிப்பானில் மட்டுமே ஒலிக்கிறது. காட்சிக்கூடத்தில் வரிசையாக நிற்கும் திரைகளிலிருந்து நமக்குக் கேட்பவை ரசிகர்களின் குரல்கள் மட்டுமே. இரண்டு படைப்புகளின் தலைப்புகளும் அந்தந்த நட்சத்திரத்தின் ‘உருவப்படம்’ என்றே சொல்கின்றன. ஆனால் அந்த உருவப்படத்தில் நட்சத்திரம் இல்லை. சுருதி விலகினாலும் விடாமல், தொகுப்பு முழுவதையும் பாடி முடிக்கிற ஒருவரின் ஈடுபாட்டைப் போலி என்று அழைப்பது, கலைஞர் மதிப்போடு காட்டியதை நாம் ஒரே சொல்லால் இழிவுபடுத்துவதாகும்.

‘ஒருதலை உறவு’ என்ற பரிந்துரை இதைவிட மேலானது. ஆயினும் ‘ஒருதலை’ என்றதும் தமிழர் மனத்தில் காதல் வந்து ஒட்டிக்கொள்கிறது, ரசிக ஈடுபாடோ காதல் மட்டுமன்று. ஒருதலைக் காமத்தைக் குறிக்கும் பழந்தமிழ்த் திணைப்பெயரான கைக்கிளையை மீட்டெடுக்கலாம் என்பாரின் ஆர்வம் எனக்கும் உண்டு. ஆனால் தொல்காப்பியம் அதைக் காமஞ்சாலா இளமையோள்மீது, அதாவது காம உணர்வு முதிராத இளம்பெண்மீது, ஆண் கொள்ளும் வேட்கையாக வரையறுப்பதால், திணைப்பெயரை அப்படியே இங்கே கொண்டுவருவது தகாது. அதே நூற்பாவில் வரும் ‘சொல்லெதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்’ என்னும் தொடர்தான் நமக்கு வேண்டியது. மறுமொழி வராதபோதும் சொல்வதிலேயே இன்பம் காண்பது என்பதைவிட, ஒலிவாங்கியின் முன் கண்மூடிப் பாடும் அந்த ரசிகரின் நிலையை வேறெந்தத் தொடர் இத்தனை நெருக்கமாகச் சொல்லும்? அதிலிருந்து ‘எதிர்பெறா உறவு’ என்ற ஆக்கத்தை முன்மொழிகிறேன்.

‘எதிர்’ என்பது இன்று பகையைச் சுட்டுமே என்ற தடை எழலாம். எதிரொலி, எதிர்வினை ஆகிய வழக்குகளில் அதன் பழம்பொருள் உயிரோடு இருப்பதால் அத்தடை பெரிதன்று. கடினமான தடை வேறொன்று: கே-பாப் எனப்படும் தென்கொரிய பாப் இசை நட்சத்திரங்கள் கட்டணச் செயலிகள் வழியாக ரசிகர்களுக்குச் செய்தி அனுப்புகிறார்களே, அது எதிர்மொழி ஆகாதா? பபிள் போன்ற செயலியில் நட்சத்திரம் அனுப்பும் ஒரே செய்தி சந்தாதாரர் அனைவருக்கும் தனி உரையாடல்போலச் சென்று சேர்கிறது. பெயர் வரவேண்டிய இடத்தில் அவரவர் பெயரையே செயலி நிரப்பித் தருகிறது. அந்த ரசிகர் சொன்ன சொல்லுக்கு உரிய மறுமொழியாக அது பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே சொல் இங்கும் நிற்கிறது என்றே கருதுகிறேன்.

ஹார்ட்டனும் வோலும் பேசிய ஊடாட்டத்தை ‘எதிர்பெறா ஊடாட்டம்’ என்றும், அது நாளடைவில் நிலைபெறுவதை ‘எதிர்பெறா உறவு’ என்றும் பிரித்து வழங்கலாம். பிரிட்டிஷ் கலைஞர் ஜெரமி டெல்லர் 1997-இல் மேனிக் ஸ்ட்ரீட் பிரீச்சர்ஸ் என்ற ராக் இசைக்குழுவின் ரசிகர்கள் தாமே வரைந்தவற்றையும் எழுதியவற்றையும் திரட்டிக் காட்சிப்படுத்தினாரே, அத்தகைய படைப்புகளில் ரசிகர்கள் தங்களுக்குள் கொள்ளும் தோழமைக்கு இச்சொல்லை நீட்டக் கூடாது. அங்கே எதிர்மொழி நிறையவே கிடைக்கிறது.